இடிந்த கோட்டையும் படைவீரரின் ஓவியமும்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிதைந்த சம்டர் கோட்டையின் உட்புறத்தைக் கான்ராட் வைஸ் சாப்மன் என்ற படைவீரர் வரைந்த ஓவியத்தை அண்மையில் பார்த்தேன். புகைப்படக் கருவி வந்துவிட்ட காலத்தில் ஒரு வீரரை வரையச் சொன்னது ஏன்? அதைச் சான்றாகக் கொள்ளலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: ஓவியரின் மகனாகப் பிறந்து ரோம் நகரில் வளர்ந்த சாப்மன், அமெரிக்காவிலிருந்து பிரிந்து போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் சேர்ந்து, 1862இல் ஷைலோ போர்க்களத்தில் காயமுற்றவர். சம்டர் கோட்டை அமைந்த சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் அரண்களை வரைந்து பதிவுசெய்யும் பணியை, 1863இல் தளபதி போரகார்ட் அவருக்கு அளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜார்ஜ் குக் என்ற புகைப்படக் கலைஞர் கோட்டைக்குள் சென்று புகைப்படமும் எடுத்தார். ஆனால் அக்காலப் புகைப்படத்தில் வண்ணம் பதியாது. சாப்மனுடைய ஓவியமோ 1863 டிசம்பர் 9ஆம் நாள் விடியலின் ஒளியோடு அந்த இடிபாட்டைக் காட்டுகிறது.

அந்த இடிபாட்டை வெறும் அழிவாகப் பார்த்தால் ஓவியத்தின் முக்கியமான செய்தி நம் கைக்கு வராது என்பது என் கருத்து. ஐந்து பக்கங்களுடன் செங்கல்லால் எழுப்பப்பட்ட அந்தக் கோட்டை, அருகிலிருந்த மோரிஸ் தீவிலிருந்து வடமாநிலப் படை ஏவிய பாரட் வகைப் பீரங்கிக் குண்டுகளைத் தாங்காமல் 1863 ஆகஸ்டில் நொறுங்கத் தொடங்கியது. சுவர்கள் சரிந்து மேடானபின்போ, பின்னர் வந்த குண்டுகள் கற்குவியலுக்குள் புதைந்து வலுவிழந்தன. அந்தக் குவியலோடு மணலையும் பஞ்சுப் பொதிகளையும் சேர்த்துக் கட்டியதால், பீரங்கிகளைப் பெரும்பாலும் இழந்த நிலையிலும் கோட்டை 1865 பிப்ரவரி வரை வீழவில்லை. ஆகவே சாப்மன் வரைந்திருப்பது அப்போதும் இயங்கிக்கொண்டிருந்த ஓர் அரண். அவர் குறித்த விடியலுக்கு இரண்டே நாள்கள் கழித்து, டிசம்பர் 11ஆம் நாள், அங்கிருந்த வெடிமருந்து அறை வெடித்துப் பதினொருவர் மாண்டனர். அதை எண்ணும்போது ஓவியத்தின் அமைதி மனத்தை உலுக்குகிறது.

சான்றாகக் கொள்ளலாம், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. களத்தில் அவர் வரைந்தவை முன்வரைவுகளே. எண்ணெய் வண்ண ஓவியங்கள் 1864இல் அவர் ரோம் திரும்பியபின் உருவானவை. அந்த வரிசையில் சிலவற்றைத் தீட்டியவர் அவருடைய தந்தை. எனவே கட்டட அமைப்புக்கு முன்வரைவையும் குக்கின் புகைப்படங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

மற்றொன்று இதைவிடப் பெரியது. சாப்மன் கூட்டமைப்பின் வீரர். அவருடைய பார்வை அந்தப் படையின் பார்வை. இரவுதோறும் மணல் சுமந்து, பகலில் சிதைந்த மதில்களைத் திரும்பத் திரும்ப உயர்த்தியவர்களில் பலர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். ஓவியத்தில் அந்த மேடுகளைக் காணும்போது, அவை யாருடைய கைகளால் எழுந்தவை என்பதையும் சேர்த்தே பார்க்குமாறு வேண்டுகிறேன்.