ஒற்றைச் செல்லை அளக்க ஆசைப்படும் மகள்: ஓர் ஆச்சிக்குப் பதில்

ஆச்சி, போன வாரம் மகளோடு வந்தபோது கேட்டீர்கள்: "பேங்க் பரீட்சை எழுதச் சொன்னால், ஒரு செல்லுக்குள்ளே என்ன இருக்குன்னு அளக்கப் போறேங்கிறா. இதில் சோறு கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் நேர்வழி கிடையாது, கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

ஐந்தொகை (ஆண்டுக் கணக்கு முடிப்பு) பார்த்த குடும்பம் உங்களுடையது. பத்துக் கடைக் கணக்கையும் ஒன்றாகக் கூட்டினால் லாபம் தெரியும்; எந்தக் கடை மூழ்குகிறது என்பது தெரியாது. லட்சம் செல்களைச் சேர்த்து அரைத்துச் சோதிப்பதும் அப்படித்தான். புற்றுநோய் மருந்துக்குச் சாகாமல் தப்பும் நாலைந்து செல்கள் கூட்டுத்தொகையில் மறைந்துபோகும். அதனால்தான் செல்களைத் தனித்தனியாக எடுத்து, உள்ளே இருக்கிற சர்க்கரை, அமினோ அமிலம், கொழுப்பு எல்லாவற்றையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

லேசான வேலை இல்லை. ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால், அதில் சில பங்குதான் ஒரு செல்லின் கொள்ளளவு. டிஎன்ஏ என்றால் நகலெடுத்துப் பெருக்கலாம், சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றைப் பெருக்க வழியில்லை. சில பொருள்கள் நொடிக்குள் மாறியும்விடும். உடனே உறையவைக்க வேண்டும்.

உங்கள் மகள் செல்போனில் ஒரு வரைபடத்தைக் காட்டி, "குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டுக்கும் எடை 180தானே சார், எது எதுன்னு எப்படிச் சொல்வாங்க?" என்று என்னிடம் கேட்டாள். பாடப் புத்தகம் கேட்கச் சொல்லாத கேள்வி அது. இப்படித் தானாகக் கேட்கிற பிள்ளையைத் திருப்பிவிடாதீர்கள், ஆச்சி.

அவள் கேள்விக்கான பதிலில்தான் சோறும் இருக்கிறது. எடை ஒன்றாக இருப்பவற்றை முதலில் குரோமட்டோகிராபியில் (கலவையை ஒரு குழாய் வழியே ஓடவிட்டு, வெளிவரும் நேரத்தை வைத்துப் பிரிக்கும் முறை) பிரித்து, அப்புறம் எடை பார்ப்பார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் எல்.சி.-எம்.எஸ். கருவி ஹைதராபாத், பெங்களூரு மருந்துக் கம்பெனிகளில் அன்றாடம் ஓடுகிறது. எம்.எஸ்சி.யோடு நிறுத்த நேர்ந்தாலும் அதை ஓட்டத் தெரிந்தவளுக்கு வேலை உண்டு. அதற்கு மேலே ஐந்து வருட பிஎச்.டி. ஆராய்ச்சி, கல்யாணம் என்கிற கவலையை எம்.எஸ்சி. முடிக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

இப்போது பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டில் ஜாம் என்கிற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதட்டும், நல்ல இடத்தில் எம்.எஸ்சி. கிடைக்கும். அப்புறம் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) வாங்கினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப்படி தனி. அதோடு புள்ளியியலும் பைத்தான் என்கிற கணினி மொழியும் இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். கருவி கொட்டும் எண்களைப் படிக்கத் தெரியாமல் தடுமாறும் வேதியியல் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

காரைக்குடியிலேயே வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிறது. அங்கே மின்வேதியியல்தான் முதன்மை. ஆனாலும் பகுப்பாய்வுக் கருவிகளை நேரில் பார்க்கலாம். செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள், அதையொட்டி ஆய்வகங்களைத் திறந்து காட்டுவது வழக்கம். தேதியைக் கேட்டுக்கொண்டு மூவருமாகப் போய் வாருங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டுக்காரர் அண்ணன் வரட்டும்.