திரும்பி வரும் வழி போனில் இருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், காட்டுப்பாதையிலோ மணலிலோ வண்டி ஓட்டுகிறவர்கள் போன தடத்தை போனிலேயே பதிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த மாதம் முழுக்க அந்த ஒரு விஷயம்தான். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் 16 வருடம் ஷார்ஜாவில் கார் மெக்கானிக்காக இருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தால் நண்பர்களோடு மணலுக்குள் போய்விடுவேன். இப்போது பொள்ளாச்சியில் ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறேன்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போகிறோம். மேலே டவரே கிடைக்காது என்கிறார்கள். டவர் இல்லாமல் போனில் ஜிபிஎஸ் எப்படி வேலை செய்யும்?
– வாசகி, போடிநாயக்கனூர்

நன்றாகவே வேலை செய்யும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் போன் அதைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறது. ரேடியோ கேட்பது மாதிரிதான். போன் மேலே எதையும் அனுப்புவதில்லை. சந்தேகம் இருந்தால் ஏரோபிளேன் மோடில் போட்டு, லொகேஷனை மட்டும் ஆன் செய்து, மொட்டைமாடியில் நடந்து பாருங்கள்.

நெட் இரண்டு விஷயத்துக்கு உதவும். ஒன்று வரைபடம். அதை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் பயன்படுத்துவது ஓஸ்ம்ஆண்ட். தடம் பதிவதற்கும் அதே ஆப் போதும். இன்னொன்று, முதல் தடவை இடம் பிடிப்பது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்லும். முழுசாகச் சொல்லி முடிக்க 30 விநாடி ஆகும். நடுவில் மரமோ பாறையோ மறைத்துவிட்டால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். நெட் இருந்தால் அதே விவரம் சட்டென்று இறங்கிவிடும். ஆகவே மேலே போய் ஆன் செய்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சூரியநெல்லியில் ஜீப் ஏறும்போதே பதிவைத் தொடங்கிவிடுங்கள். அங்கிருந்து உள்ளூர் ஜீப்பில்தான் போக முடியும் என்பதால் உங்கள் கை சும்மாதான் இருக்கும். போனைக் கைப்பையில் போட்டு மடியில் அமுக்கிக்கொள்ளாமல், வானம் தெரிகிற ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் பதிவு பத்து நிமிடத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரே நேர்கோடு. ஆப் சரியில்லையா?
– வாசகர், தாரமங்கலம்

ஆப்பைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் போனின் வேலை இது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று, திரை அணைந்ததும் பின்னால் ஓடுகிற ஆப்களை போன் தூங்க வைத்துவிடும். தடம் என்பது வரிசையாகப் பதிந்த புள்ளிகளை இணைக்கிற கோடுதான். நடுவில் புள்ளிகள் விட்டுப்போனால் அங்கே நேர்கோடுதான் வரும்.

இதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஷார்ஜாவின் மலீஹா பக்கம் மணலுக்குள் மூன்று வண்டிகள் போனோம். என் போனில்தான் பதிவு. மாலை நான்கரை மணிக்குத் திரும்பலாம் என்று திரையைத் தொட்டுப் பார்த்தேன். காலை 11.40 வரை அழகாக வளைந்து வளைந்து வந்த கோடு, அங்கிருந்து நாங்கள் நிற்கிற இடம் வரை ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது. நடுவில் ஐந்து மணி நேரம் எங்கே சுற்றினோம் என்பதற்குப் பதிவே இல்லை. அந்த நேர்கோட்டின் மேலேயே போகலாம் என்றார் கூட வந்தவர். இருநூறு மீட்டர் போனதும் முன்னால் ஒரு மணல் சரிவு சுவர் மாதிரி நின்றது. சரி, டயர் தடத்தைப் பிடித்துப் போவோம் என்று இறங்கி நடந்தேன். காற்று அதைப் பாதி மூடியிருந்தது. மேட்டு மணலில் தடமே இல்லை. பள்ளங்களில் மட்டும் டயர் பூவின் அச்சு, விரல் நுனி ஆழத்துக்கு, அங்கங்கே துண்டு துண்டாக. ஒருவர் முன்னால் டார்ச்சோடு நடக்க, வண்டிகள் பின்னால் ஊர்ந்தன. தார்ச்சாலையைத் தொட்டபோது இரவு ஒன்பது மணி. ஒரு வண்டியில் எட்டு வயதுப் பையன் இருந்தான். அவன் கேட்ட தண்ணீரைக் கொடுக்க எங்களிடம் அரை பாட்டில்தான் மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து இந்த செட்டிங் விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். லொகேஷன் அனுமதியில் ‘எப்போதும்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பவர் சேவிங் மோடை அணையுங்கள். சில போன்களில் தானாகத் தொடங்கும் அனுமதி என்று இன்னொன்று ஒளிந்திருக்கும், அதையும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு ஒத்திகை: திரையை அணைத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஊருக்குள்ளேயே அரை மணி நேரம் டூவீலரில் சுற்றிவிட்டு வந்து கோட்டைப் பாருங்கள். அது முழுசாக இருந்தால்தான் மலைக்கோ மணலுக்கோ அந்த போனை நம்பலாம். அப்போதும் இரண்டாவது வண்டியில் இன்னொரு போனில் பதிவு ஓடட்டும். ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்லாகர் என்று ஒரு ஆப் இருக்கிறது. வரைபடம் கிடையாது, பதிவது மட்டும்தான் வேலை. இரண்டாவது போனுக்கு அது போதும்.

வெயிலையும் மறக்க வேண்டாம். கண்ணாடியை ஒட்டி டேஷ்போர்டில் வைத்த போன் சூடேறித் தானே அணைந்துவிடும். ஏசி காற்று படுகிற இடத்தில் மாட்டுங்கள். குலுக்கலில் சார்ஜர் வயர் கழன்றுகொள்ளும். அடிக்கடி ஒரு கண் அதன் மேலும் இருக்கட்டும்.

எத்தனை விநாடிக்கு ஒரு புள்ளி பதிய வேண்டும்?
– வாசகர், கூடலூர்

மலைப்பாதை என்றால் 1 அல்லது 2 விநாடி. 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு ஐந்தரை மீட்டர் போகும். 10 விநாடிக்கு ஒரு புள்ளி என்றால் இடைவெளி 55 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவே அதற்குள் காணாமல் போய்விடும். விநாடிக்கு ஒன்று பதிந்தாலும் ஒரு மணி நேரத்துக்குப் பொதுவாக ஒரு எம்பிகூட ஆகாது.

கடற்கரையில் நிற்கிறேன். ஆப் உயரத்தை மைனஸ் 94 மீட்டர் என்று காட்டுகிறது. போன் பழுதா?
– வாசகர், ராமநாதபுரம்

இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. போன் பழுதில்லை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து அல்ல. பூமியை வழவழப்பான ஒரு கணக்கு உருண்டையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து அளக்கிறது. ஆனால் பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நம் பக்கத்துக் கடலில் ஈர்ப்பு குறைவு, அதனால் கடல் மட்டம் அந்த உருண்டைக்குக் கீழே இறங்கி நிற்கிறது. உலகத்திலேயே மிக ஆழமாக இறங்கியிருக்கிற இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. சுமார் 106 மீட்டர். ராமநாதபுரம் அதற்குப் பக்கம்தானே! ஐபோன் இதைத் தானே திருத்திக் காட்டும். ஆண்ட்ராய்டில் ஆப்பைப் பொறுத்தது. ஓஸ்ம்ஆண்டில் உயரத் திருத்தத்துக்கு ஒரு கோப்பை இறக்கிக்கொள்ளலாம். திருத்திய பிறகும் பத்து இருபது மீட்டர் முன்னே பின்னே இருக்கும். பக்கவாட்டில் ஐந்து மீட்டர் துல்லியம் தருகிற போன், உயரத்தில் அந்த அளவுக்குச் சொல்லாது.

உயரம் என்று பலகையில் எழுதியிருப்பதுதான் சரி என்றும் இல்லை. லடாக்கின் கார்துங் லா கணவாயில் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள். ஜிபிஎஸ்ஸில் முறையாக அளந்தபோது 5,359 மீட்டர்தான், அதாவது 17,582 அடி.

நண்பர் லிவா பாலைவனத்தில் பதிந்த ஜிபிஎக்ஸ் கோப்பை அனுப்பியிருக்கிறார். அதை வைத்து நானும் மனைவியும் மட்டும் போய்வரலாமா?
– வாசகர், அபுதாபி

போகாதீர்கள். ஒற்றை வண்டியில் மணலுக்குள் போகவே கூடாது. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜிபிஎக்ஸ் என்பது அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று வரிசையாக எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த ஆப்பிலும் திறக்கும். அது அதன் நல்ல குணம். ஆனால் மணலின் குணம் அதில் இல்லை. காற்று வந்து மோதுகிற பக்கம் மணல்மேடு மெதுவாக ஏறும், மணலும் இறுகியிருக்கும். மறுபக்கம் 30 டிகிரிக்கு மேல் சடாரென்று இறங்கும், மணல் பொலபொலவென்று இருக்கும். உங்கள் நண்பர் ஏறி இறங்கிய அதே கோட்டில் எதிர்த் திசையில் திரும்ப முயன்றால் வண்டி பாதியிலேயே புதையும். போன வழியே திரும்புவது என்பது மலைப்பாதைக்குப் பொருந்தும், மணலுக்கு அப்படியே பொருந்தாது. அதோடு மேடுகள் நகர்கின்றன. போன குளிர்காலத்தில் அவர் ஏறிய உச்சி இப்போது பத்தடி தள்ளி, மறுபக்கம் வெட்டிவிட்ட மாதிரி இருக்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டு உச்சியைத் தாண்டுகிறவர்தான் தலைகுப்புற விழுகிறார்.

அந்தக் கோப்பை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். எங்கே தார்ச்சாலையை விட்டு இறங்கினார், எங்கே சப்கா இருக்கிறது, எங்கே வண்டிகள் நின்று இளைப்பாறின என்று பாருங்கள். சப்கா என்கிற உப்புச் சேற்றுத் தரை பார்க்க சிமெண்ட் மாதிரி இருக்கும், ஏறினால் சக்கரத்தின் அச்சுத்தண்டு வரைக்கும் உள்வாங்கும். குழுவோடு போய், டயர் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி, உங்கள் சொந்தத் தடத்தைப் பதியுங்கள். சிக்கின இடத்தில் ஒரு புள்ளி வைத்து, மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். மாதம் இல்லாத குறிப்பு அடுத்த வருடம் உங்களுக்கே உதவாது.

ஆனைமலை அடிவாரத்தில் ஓடையைத் தாண்டிப் போகிற ஒரு அருமையான மண்பாதையைப் பதிந்திருக்கிறேன். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று நெட்டில் போடலாமா?
– வாசகர், திருப்பூர்

முதலில் அது யாருடைய இடம் என்று பாருங்கள். காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் வண்டி நுழைந்ததே 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். நீங்கள் போடுகிற கோப்பில் தேதியும் நேரமும் விநாடி சுத்தமாக இருக்கும். தொடக்கப் புள்ளி உங்கள் வீட்டு வாசல் என்பதையும் யோசியுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு தடத்தை இப்படிப் பொதுவில் போட்டேன். ஒரு மலையடி கிராமத்தில், ராகிக் காட்டு வரப்பை ஒட்டிப் போகிற வண்டிப்பாதை. நிலத்துக்காரர் என்னை அனுமதித்திருந்தார், என்னை மட்டும். மூன்று மாதம் கழித்துப் போனபோது வரப்பு இரண்டு இடத்தில் இடிந்து கிடந்தது. அகலமான டயர் அச்சு ராகிப் பயிருக்குள் எட்டு வரிசை வரை போயிருந்தது. சிக்கின வண்டியை இழுக்க யாரோ கொய்யா மரத்தில் வின்ச் கயிறு கட்டியிருக்கிறார்கள். பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. “உங்க ஆளுங்க வந்தாங்க” என்றார். மறுநாள் மண்வெட்டியோடு போய் வரப்பைப் போட்டுக் கொடுத்தேன். கோப்பையும் எடுத்துவிட்டேன். ஆனால் இறக்கிக்கொண்டவர்களிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. இன்றைக்கும் அந்தப் பாதைக்கு யாராவது வந்தால் அவர் எனக்குப் போன் செய்கிறார்.

ஓடையைத் தாண்டிய பிறகு வருகிற நிலம் யாருடையது என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். அதுவரை அந்தக் கோப்பு உங்கள் போனிலேயே இருக்கட்டும்.