இசைக் குழுவில் விழுந்த பையன்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். என் வகுப்பில் 34 பிள்ளைகள். அண்மையில் ஒரு பயிற்சியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் வினாப்படிவம் கொடுத்து அவருடைய நுண்ணறிவு எந்த வகை என்று கண்டறிந்து, அதன்படி குழு பிரித்து, ஒரே பாடத்துக்கு எட்டுப் பாடக்குறிப்புகள் எழுதச் சொன்னார்கள். இரண்டு வாரம் முயன்றேன். இசைக் குழுவில் விழுந்த பையன் வாய்ப்பாட்டை அழகாகப் பாடுகிறான். ஆனால் கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்று கேட்டால், எட்டுதானே பெரிய எண் என்று 1/8-ஐக் காட்டுகிறான். தவறு என்னிடமா, முறையிலா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

தவறு உங்களிடம் இல்லை. அந்தப் பயிற்சிக்கு அடிப்படையான கோட்பாட்டைத் தந்த அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர், 1983இல் மொழி, இசை, கணக்கு போன்ற ஏழு நுண்ணறிவுகளைச் சொன்னார். இயற்கை சார்ந்த எட்டாவதைப் பின்னர் சேர்த்தார். அவை எல்லாம் எல்லோரிடமும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன என்பதுதான் அவர் கூற்று. பிள்ளையின் நெற்றியில் ஒரு சீட்டை ஒட்டச் சொன்னவர் அல்லர் அவர். தம் கோட்பாட்டைக் கற்றல் பாணிகளோடு (ஒவ்வொருவரும் தமக்கேற்ற ஒரு வழியில்தான் நன்றாகக் கற்பார் என்ற கருத்தோடு) குழப்ப வேண்டாம் என்று 2013இல் அவரே எழுதவும் செய்தார். அந்த நுண்ணறிவுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதற்குச் சான்று போதாது என்று உளவியலாளர் பலர் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். ஆயினும், ஒரே கருத்துக்குள் பல வாசல்கள் வழியாக நுழையலாம் என்ற அவருடைய யோசனை வகுப்பறைக்கு உதவக்கூடியது. வாசல்கள் பல, பாடக்குறிப்பு ஒன்றே; 34 பேரும் எல்லா வாசல்களிலும் நுழைந்து வரட்டும். (எட்டுக் குறிப்பு கேட்டவர், மதிய உணவுக்குப் பிந்திய பாடவேளையில் ஒரு நாளாவது நின்று பார்க்க வேண்டும்.)

உங்கள் பையனையே எடுத்துக்கொள்வோம். வாய்ப்பாட்டுக்கு மெட்டுப் போட்டால் அது மனப்பாடத்துக்கு உதவும், ஆனால் அந்த மெட்டில் கணக்கு இல்லை. தாளத்தில் இருக்கிறது. மேசையில் நிதானமாக ஒரே சீராகத் தட்டிக்கொண்டே, இரண்டு தட்டுகளுக்கு இடையிலான நேரத்தில் முதலில் ஒரு சொல்லையும், பிறகு அதே நேரத்துக்குள் இரண்டையும், அதன்பின் நான்கையும் எட்டையும் சொல்லச் செய்யுங்கள். எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைக்கும் நேரம் குறுகுவதை அவன் நாக்கே உணர்ந்துவிடும். பின்னத்தின் கீழ் எண் பெருகினால் பங்கு ஏன் சிறுக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதே பாடவேளையில் எல்லோருக்கும் ஒரு காகிதப் பட்டை கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். முதல் மடிப்பில் அரை, இரண்டாவதில் கால், மூன்றாவதில் அரைக்கால், நான்காவதில் வீசம். விரித்தால் 16 கட்டங்கள். மொழியில் ஆர்வமுள்ள பிள்ளை இங்கே ஒன்றைக் கண்டுபிடிக்கக்கூடும்: அரைக்கால் என்ற சொல்லே காலில் அரை என்று கணக்கைச் சொல்லிவிடுகிறது. பழைய தமிழ்க் கணக்கு வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியை நாம் மறந்ததில் இழந்தவற்றுள் இதுவும் ஒன்று.

மறுவாரம் காகிதமும் தாளமும் இல்லாமல், 3/8 பெரிதா 1/4 பெரிதா என்று அந்தப் பையனிடம் கேளுங்கள். விடையைப் பக்கத்தில் இருப்பவனுக்கு அவனே விளக்கட்டும். பட்டைக்குக் கெட்டி அட்டை வேண்டாம், நான்காவது மடிப்பு விழாது. பழைய செய்தித்தாளை நீளவாக்கில் கிழித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.