அரிப்புக்கும் பதற்றத்துக்கும் ஒரே மாத்திரையா? ஹைட்ராக்சிசின் கேள்வி பதில்

ஆதம்பாக்கத்தில் மருந்துக்கடை கவுண்டரில் 18 வருஷமாக நிற்கும் மருந்தாளுநர் நான். இந்த ஒரு மாத்திரை பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். வந்தவற்றுக்கு இதோ பதில்.

அக்கா, எனக்கு அரிப்புக்குத் தோல் டாக்டர் எழுதிய அதே மாத்திரையைத் தங்கைக்குப் பதற்றத்துக்கு எழுதியிருக்கிறார்கள். சீட்டு மாறிவிட்டதா?

மாறவில்லை. நம் உடம்பிலேயே சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் தோலில் அரிப்பை உண்டாக்கும், மூளையில் நம்மை விழிப்பாக வைக்கும். ஹைட்ராக்சிசின் மூளைக்குள்ளும் போய் அதைத் தடுக்கிறது. அதனால்தான் அரிப்பும் அடங்குகிறது, படபடப்பும் தணிகிறது, தூக்கமும் வருகிறது. 1956-லிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் மாத்திரை போலப் பழக்கமாகிவிடாது. ஆனாலும் பதற்றத்துக்குக் கொஞ்ச காலத்துக்குத்தான்.

இன்னொன்று: இது உடம்புக்குள் போய் செட்ரிசினாக மாறுகிறது. தும்மலுக்கென்று தனியாக செட்ரிசினையும் சேர்த்துப் போடாதீர்கள்.

ராத்திரி 11 மணிக்குப் போட்டால் காலையில் ஓ.எம்.ஆர். வரை பைக் ஓட்டலாமா?

முதல் சில நாட்கள் வேண்டவே வேண்டாம், தம்பி. பெரியவர்களுக்கு இதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 20 மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்கு நீங்கள் எழுந்துவிடுவீர்கள், மருந்து உள்ளேதான் இருக்கும். என் கடைக்கு வரும் ஒரு பையன் தரமணி சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டே இருந்திருக்கிறான். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் சுதாரித்தானாம். அவன் அதைச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. மது அறவே கூடாது.

அப்பாவுக்கு 72 வயது, பிராஸ்டேட் வீக்கம். அரிப்புக்கு என்னுடைய மாத்திரையைக் கொடுக்கலாமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண்ணழுத்த நோய் இருந்தால் அதுவும் மோசமாகும். வயதானவர்களுக்குக் குழப்பம் வரும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும். ஐரோப்பிய மருந்து முகமை 2015-ல் ஒரு நாளுக்கான உச்ச அளவைப் பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் என்று குறைத்தது. முதியவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது, முடியாவிட்டால் 50-க்கு மேல் கூடாது என்றது. ஏற்கெனவே கொடுத்து, அடிவயிறு உப்பிச் சிறுநீர் வராமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மனச்சோர்வுக்கு எஸ்சிடலோபிராம் சாப்பிடுகிறேன். இருமலுக்கு அசித்ரோமைசினும் கொடுத்திருக்கிறார்கள். ஹைட்ராக்சிசினும் சேரலாமா?

மூன்றுமே இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடியவை. சேரும்போது துடிப்பு தாறுமாறாகலாம். பேதியாலோ வாந்தியாலோ பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். எஸ்சிடலோபிராமை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேஜைமேல் வையுங்கள், தேவையென்றால் ஈ.சி.ஜி. எடுப்பார். மயக்கம் வந்தால் 108.

மூன்று மாத கர்ப்பம். அரிப்பு தாங்கவில்லை.

இது வேண்டாம், அம்மா. உங்கள் மகப்பேறு டாக்டர் வேறு தருவார்.

குழந்தைக்கு சிரப் தீர்ந்துவிட்டது. வீட்டில் சொட்டு மருந்து இருக்கிறது, அதே அளவு கொடுக்கலாமா?

கூடாது! பொதுவாகக் கிடைக்கும் சிரப்பில் 5 மில்லியில் 10 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 2. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 6. அதே அளவு ஊற்றினால் மூன்று மடங்கு போய்விடும். குழந்தையின் எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு கேளுங்கள். பாட்டிலோடு வந்த மூடியிலோ சிரிஞ்சிலோ அளந்து ஊற்றுங்கள், சமையலறை ஸ்பூனில் வேண்டாம்.