கடலோர விடுமுறை: மாலத்தீவுச் செலவும் சாப்பாடும் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கடற்கரை விடுமுறைகளைப் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாலத்தீவைப் பற்றியே இருந்தன. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான விமானப் பயணத்தில் போய்ச் சேர்ந்துவிடும் நாடு என்பதால் தென்மாவட்ட வாசகர்கள் அங்கே போக விரும்புவது இயல்பானது. அதனால் இந்த முறை அந்த ஒரு நாட்டோடு நின்று, வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தம்பியும் அவன் மனைவியும் 2017இல் மாலத்தீவுக்குப் போய் வந்தார்கள். எங்கள் இருபத்தைந்தாம் மணநாளுக்கு நாங்களும் போகலாம் என்று பார்த்தால், ஓர் இரவுக்கு 200 டாலர் என்று விளம்பரப்படுத்திய அறை, பணம் கட்டும் பக்கத்துக்கு வந்ததும் 280 டாலரைத் தாண்டிவிடுகிறது. இது ஏமாற்று வேலையா? – வாசகி, காரைக்குடி

ஏமாற்று அல்ல, அம்மா. ஆனால் விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் தொகை நீங்கள் கட்டப்போகும் தொகை அல்ல என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயமானது. கணக்கு இப்படித்தான் வளர்கிறது: 200 டாலர் அறை வாடகையின் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 220 ஆகிறது, அந்த 220இன் மேல் சுற்றுலாத் துறைக்கான சரக்கு மற்றும் சேவை வரி 17 சதவீதம் சேர்ந்து 257 டாலர் 40 சென்ட் ஆகிறது, அதன் பிறகு பசுமை வரி என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் வீதம் இருவருக்கு 24 டாலர். கூட்டினால் 281 டாலர் 40 சென்ட்.

இந்தச் சரக்கு மற்றும் சேவை வரி 2011இல் வந்தபோது 3.5 சதவீதமாகத்தான் இருந்தது. பிறகு படிப்படியாக ஏறி, உங்கள் தம்பி போனபோது 12, 2023 ஜனவரியில் 16, 2025 ஜூலையில் 17 என்று வளர்ந்துவிட்டது. பசுமை வரியும் 2025 ஜனவரியில் 6 டாலரிலிருந்து 12 டாலராக இரட்டிப்பானது. அதே 200 டாலர் அறைக்கு, உங்கள் தம்பி போன 2017இன் வரிகளைப் போட்டுப் பார்த்தால் 258 டாலர் வருகிறது. டாலர் சுமார் 65 ரூபாயாக இருந்த அந்த நாளில் அது ஏறத்தாழ 16,800 ரூபாய். இன்றைய 281 டாலரை, ஒரு டாலர் 85 ரூபாய் என்று குறைத்தே கணக்கிட்டாலும், 23,900 ரூபாய் ஆகிறது. அறை வாடகை ஒரு டாலர்கூட ஏறாமலேயே உங்கள் செலவு ஏழாயிரம் ரூபாய் கூடிவிட்டது என்பதையும், அதில் பெரும்பங்கு அவர்களுடைய வரியால் வந்ததல்ல, நம் ரூபாயின் மதிப்புச் சரிவால் வந்தது என்பதையும் கவனியுங்கள்.

இவை தவிர, நாடு திரும்பும் வெளிநாட்டுப் பயணிகளின் புறப்பாட்டு வரி சாதாரண வகுப்பில் 30 டாலரிலிருந்து 50 டாலராக 2024 டிசம்பரில் உயர்ந்தது. அதே அளவு விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் உண்டு. இவ்விரண்டும் விமானச் சீட்டின் விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் கண்ணில் படுவதில்லை. தலைநகர் மாலேயின் விமான நிலையத்திலிருந்து ரிசார்ட் தீவுக்குக் கடல் விமானத்தில் போய் வர ஆளுக்குச் சில நூறு டாலர்கள் ஆகும். முன்பதிவு செய்வதற்கு முன், வரிகள், படகு அல்லது கடல் விமானம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் முடிவான தொகை எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ரிசார்ட் ஒரு தனித்தீவு என்பதால், அங்கே போன பிறகு வெளியே போய்ச் சாப்பிட வேறு கடை கிடையாது. மூன்று வேளையும் அடங்கிய ஃபுல் போர்டு முறையை முதலிலேயே எடுத்துக்கொள்வது, அங்கே போய் வேளைக்கு வேளை பணம் கொடுத்துச் சாப்பிடுவதைவிடப் பெரும்பாலும் சிக்கனமாக அமையும்.

கேள்வி: ரிசார்ட்டுக்குச் செலவழிக்க எங்களால் இயலாது. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். விலை குறைவு என்றால் சாப்பாட்டின் சுத்தமும் குறைவாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். – வாசகர், மதுரை

உங்கள் அச்சத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த அரசு வழிவிட்ட பிறகு, கடந்த பதினைந்து ஆண்டுகளில் மாஃபுஷி, துலுஸ்தூ, உகுல்ஹாஸ், திகுரா போன்ற தீவுகள் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்ற இடங்களாக வளர்ந்துவிட்டன. ஐம்பது அறைகளுக்கு மேற்படாத இத்தகைய இல்லங்களில் பசுமை வரியும் பாதிதான், ஆளுக்கு 6 டாலர். மாலேயிலிருந்து மாஃபுஷிக்குப் பொதுப் படகில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் போய்விடலாம். வெள்ளிக்கிழமைகளில் இந்தப் படகுகள் பெரும்பாலும் ஓடுவதில்லை என்பதை மட்டும் பயணத் திட்டம் போடும்போது நினைவில் வையுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, விலை குறைவும் சுத்தக் குறைவும் ஒன்றல்ல என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். மாலத்தீவில் உள்ளூரிலேயே தாராளமாகக் கிடைப்பவை மீனும் தேங்காயும்தான். அரிசி, பருப்பு, முட்டை, வெங்காயம், காய்கறி எல்லாம் கப்பலிலோ விமானத்திலோ வருகின்றன. இன்றியமையாத பொருள்களை இந்தியாவிலிருந்து அனுப்புவதற்கென்றே 1981இல் செய்துகொண்ட வணிக ஒப்பந்தம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே அங்கே விலை குறைவாகவும் புதியதாகவும் ஒருசேரக் கிடைப்பது, காலையில் பிடித்து மதியம் சமைக்கும் சூரை மீன்தான். தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்தில் மாசிக் கருவாடு என்று நாம் வாங்குவதும் இந்தச் சூரைதான். தேநீர்க் கடையில் கண்முன்னே சுட்டெடுக்கும், சப்பாத்தி போன்ற ரோஷியும், சூரை மீனை வேகவைத்த கருதியா என்னும் தெளிந்த சூடான குழம்பும், எலுமிச்சையும் மிளகாயும் ஒரு தட்டுச் சோறும் போதும். நெடுநேரம் திறந்து கிடக்கும் ஐம்பது வகை பஃபேயைவிட இதையே நான் நம்பிச் சாப்பிடுவேன்.

பஃபேயில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. ஆவி பறக்காத சோறு, வெதுவெதுப்பான குழம்பு, பனிக்கட்டி உருகிப்போன தட்டில் இருக்கும் இறால் சாலட் ஆகியவற்றைக் கடந்து போய்விடுங்கள். பரிமாறத் தொடங்கிய முதல் அரை மணி நேரத்திலேயே போய்ச் சாப்பிடுவது நல்லது. காலை உணவான மஸ் ஹுனியும் அப்படியே: சூரை மீனும் பச்சைத் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் கலந்து பிசைவது என்பதால், அப்போதுதான் பிசைந்தது எனில் அருமையான உணவு, மதியம் வரை வெளியில் இருந்தது எனில் வேண்டாம்.

ரமலான் மாதத்தில் உள்ளூர்த் தீவுகளில் பகலில் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். கெஸ்ட் ஹவுஸில் மட்டும் விருந்தினர்களுக்குச் சமைப்பார்கள். அந்த நாட்களில் போவதானால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு தீவில் சூரை மீன் வறுவல் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் என் கணவருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்தன. மறுநாள் சரியாகிவிட்டது. ஊருக்கு வந்ததும் உறவினர்கள், "இது மீன் ஒவ்வாமை, இனிமேல் மீனே தொடக்கூடாது" என்கிறார்கள். ஆனால் அவர் சிறு வயது முதல் மீன் சாப்பிடுபவர். – வாசகி, நாகர்கோவில்

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஒவ்வாமையாக இல்லாமல் ஹிஸ்டமின் நச்சாக இருக்க வாய்ப்பு மிகுதி. சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் நிறைய உண்டு. பிடித்த மீனை உடனே ஐஸில் வைக்காமல் வெயிலில் சில மணி நேரம் கிடக்க விட்டால், பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வாமையின்போது நம் உடலே சுரக்கும் அதே பொருள்தான் இது. அதனால்தான் அறிகுறிகளும் அப்படியே இருக்கின்றன. ஒருமுறை உருவான ஹிஸ்டமின், வறுத்தாலும் வேகவைத்தாலும் உறையவைத்தாலும் அழிவதில்லை. மீன் கெட்ட வாடையே இல்லாமலும் இருக்கலாம். சிலருக்கு வாயில் மிளகு கடித்ததுபோன்ற காரமோ உலோகச் சுவையோ தோன்றும். அப்படித் தோன்றினால் அடுத்த வாய் எடுக்காதீர்கள்.

பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் தானாகவே தணிந்துவிடும். மருத்துவர்கள் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஆன்ட்டிஹிஸ்டமின் மாத்திரையே இதற்கும் உதவும். ஆனால் மூச்சுத் திணறலோ, நாக்கு, தொண்டை வீக்கமோ, மயக்கமோ இருந்தால், எதனால் வந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே தீவின் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். உங்கள் கணவர் மீனை விட்டுவிடுவதற்கு முன் ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளட்டும். ஒரே தட்டில் சாப்பிட்ட வேறு யாருக்காவது அன்று அப்படி ஆனதா என்பதையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிய துப்பு.

கேள்வி: இரவில் படகில் அழைத்துப்போய் மீன் பிடிக்க வைத்து, பிடித்ததை அங்கேயே சுட்டுக் கொடுக்கிறார்களாம். பெரிய களவா மீனின் தலையைக் குழம்பு வைத்துத் தரச் சொல்லலாமா? – வாசகர், இராமேசுவரம்

மீன் தலையின் அருமை தெரிந்த ஊர்க்காரர் நீங்கள். ஆனாலும் இதற்கு என் பதில் வேண்டாம் என்பதே. பவளப்பாறைகளின் மேல் படரும் பாசிகளோடு வாழும் ஒரு நுண்ணுயிர் உண்டாக்கும் நச்சு, பாசியை மேயும் சிறு மீன்களில் சேர்ந்து, அவற்றைத் தின்னும் களவா, சங்கரா வகை மீன்கள், சீலா, விலாங்கு போன்ற பெரிய மீன்களில் பன்மடங்காகச் செறிகிறது. சிகுவட்டெரா என்று மருத்துவத்தில் சொல்லும் இந்த நச்சுக்கு நிறமும் மணமும் சுவையும் இல்லை. சமையலும் உப்பும் குளிர்சாதனப் பெட்டியும் அதை ஒன்றும் செய்யா. அது மிகுதியாகச் சேருமிடம் தலை, ஈரல், குடல், சினை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் வந்து, பிறகு உதடும் விரல்களும் மரமரத்து, குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவதுபோல் தோன்றும். நரம்பைச் சார்ந்த இந்தத் தொல்லை சிலருக்கு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிக்கிறது. முறிமருந்து கிடையாது.

எல்லாப் பாறை மீனிலும் இது இருப்பதில்லை, வருவதும் அடிக்கடி அல்ல. சிறிய மீனாகப் பார்த்துச் சதையை மட்டும் சாப்பிட்டால் ஆபத்து குறையும்; சீலாவையும் கடல் விலாங்கையும் முற்றிலும் தவிருங்கள். சூரை ஆழ்கடலில் திரியும் மீன் என்பதால் இந்த நச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா? – வாசகி, கும்பகோணம்

வேண்டியதில்லை. ஆனால் மாலை நேரத் தேநீரோடு தரும் ஹெதிகா என்னும் பலகாரங்களில் பெரும்பாலானவற்றுக்குள் சூரை மீன் பூரணம்தான் இருக்கும். 'மஸ்' என்றால் மீன் என்ற ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால், மஸ் ஹுனி, மஸ் ரோஷி என்று பெயரைக் கேட்டதுமே விலகிவிடலாம். பல கெஸ்ட் ஹவுஸ் சமையலறைகளில் வங்கதேசத்தவரும் இந்தியரும் இலங்கையரும் வேலை செய்வதால், முதல் நாளே சொல்லிவிட்டால் பருப்பும் காய்கறிக் குழம்பும் கிடைக்கும். முருங்கை அங்கேயும் 'முரங்கா'தான், கீரையாகச் சமைக்கிறார்கள். பொடி வகைகளும் அவலும் கொண்டுபோனால் ஒரு வேளைச் செலவு மிச்சமாகும்.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்தியை அழைத்துப் போகிறோம். தண்ணீர் எப்படி? – வாசகர், ஈரோடு

தீவுகளில் ஆறு இல்லை. கடல்நீரைச் சுத்திகரித்த குழாய் நீரும், தொட்டியில் சேமித்த மழைநீருமே அங்கே உள்ளவை. தொட்டியும் குழாயும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாது என்பதால், குடிக்கவும் குழந்தை பல் துலக்கவும் மூடி உடைக்காத பாட்டில் நீரையோ, கொதிக்கவைத்து ஆறிய நீரையோ மட்டும் பயன்படுத்துங்கள். ரிசார்ட்டில் பாட்டில் நீரின் விலை கூடுதலாக இருக்கும் என்பதால், அறையில் மின்கெண்டி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் கலந்த சாறுக்குப் பதிலாக, அப்போது வெட்டிய இளநீர் கொடுங்கள்.

பேதியின்போது நீரில் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களைக் குறைந்தது பத்து என்ற கணக்கில் ஊரிலிருந்தே எடுத்துப்போங்கள். உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் விகிதப்படி தயாரித்தது என்று இருக்கிறதா, ஒரு லிட்டருக்கானதா 200 மில்லிலிட்டருக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். பழச்சுவை பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று அச்சிடக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சர்க்கரை மிகுந்த அத்தகைய பானம் குழந்தையின் பேதியைக் கூட்டக்கூடும். பொட்டலம் கைவசம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை, அழும்போது கண்ணீர் வராமை ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். மக்கள் வாழும் தீவுகளில் சுகாதார நிலையம் இருக்கும். பெரிய மருத்துவமனை மாலேயில்தான். அங்கே அவசரமாகக் கொண்டுபோக விரைவுப் படகு வேண்டியிருக்கும் என்பதால், அந்தச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டைப் பேத்திக்கும் சேர்த்து எடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.