எஸ்.ஐ. ஆகக் குற்றவியல் படிக்க வேண்டுமா? – வாசகர் கேள்விகள், பதில்கள்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்வி என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கே: எஸ்.ஐ. ஆவதுதான் என் லட்சியம். பி.ஏ. குற்றவியல் (கிரிமினாலஜி) படித்தால் முன்னுரிமை உண்டா? – மாணவர், திருத்துறைப்பூண்டி

கிடையாது. எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பே போதும். சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கையில் 'கல்வித் தகுதி' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கே: என் உயரம் 166 செ.மீ. போலீஸில் சேர முடியுமா? – நீடாமங்கலம்

நீங்கள் ஆணா பெண்ணா, எந்தப் பிரிவு, ஒன்றும் எழுதவில்லை. பெண் என்றால் தாராளம், 159 போதும். ஆண் என்றால் பொதுப்பிரிவு, பி.சி., எம்.பி.சி.க்கு 170, எஸ்.சி., எஸ்.டி.க்கு 167. எப்படிப் பார்த்தாலும் ஆணுக்கு 166 போதாது. பட்டம் வாங்கி உயரத்தை ஈடுகட்ட முடியாது.

கே: பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவள். குற்றவியல் படித்துத் தடய அறிவியல் ஆய்வகத்தில் சேர ஆசை. – மாணவி, பாபநாசம்

இரண்டும் வேறு வேறு படிப்பு. குற்றம் ஏன் நடக்கிறது, குற்றவாளியையும் பாதிக்கப்பட்டவரையும் சமூகம் எப்படி நடத்துகிறது என்று பார்ப்பது குற்றவியல். ரத்தக்கறையையும் விஷத்தையும் சோதிப்பது தடய அறிவியல். அதற்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் வேண்டும். தஞ்சாவூரிலேயே வட்டார ஆய்வகம் இருக்கிறது, ஆனால் காமர்ஸ் வழியாக அங்கே போக வழியில்லை. கைரேகைப் பிரிவு எஸ்.ஐ. பதவிக்கும் அறிவியல் பட்டம்தான் கேட்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின்படி, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் (மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம்). எனவே அந்தத் துறைக்கு ஆள் தேவைப்படும். உங்களுக்கு இல்லை என்றால் தம்பி தங்கைக்குச் சொல்லிவையுங்கள்.

கே: மகனுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் குற்றவியல் சீட்டு. 'படித்து முடித்ததும் சி.பி.ஐ., டி.எஸ்.பி., க்ரைம் பிராஞ்ச் வேலை, நூறு சதவீத உத்தரவாதம்' என்று ஏஜென்ட் நோட்டீஸ் கொடுத்தார். 40,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டோம். சரிதானே? – ஒரு தந்தை, வலங்கைமான்

கட்டிவிட்டு என்னிடம் கேட்கிறீர்களே ஐயா! சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, காசு வந்த சூட்டோடு கட்டியிருப்பீர்கள். இந்த ஏஜென்டுகளுக்கு அறுவடையும் தெரியும், ரிசல்ட் தேதியும் தெரியும்.

நோட்டீஸை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சி.பி.ஐ.யில் எஸ்.ஐ. பதவிக்கு எஸ்.எஸ்.சி. எனப்படும் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரித் தேர்வு எழுத வேண்டும். ஏதாவது ஒரு பட்டம். நேரடி டி.எஸ்.பி. என்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வு. அதற்கும் ஏதாவது ஒரு பட்டம். க்ரைம் பிராஞ்ச் என்பது போலீஸில் சேர்ந்தவர்களை மாற்றிப் போடும் இடம், கல்லூரியிலிருந்து அங்கே ஆள் எடுப்பதில்லை. உங்கள் மகன் பி.காம். படித்தாலும் பி.ஏ. தமிழ் படித்தாலும் இதே தேர்வுகளைத்தான் எழுதப் போகிறான். எந்தக் கல்லூரியும் அரசு வேலைக்கு உத்தரவாதம் தர முடியாது. கடைசிப் பக்கத்தில் 'தனியார் துப்பறிவாளர்' என்றும் போட்டிருக்கும். நம் நாட்டில் அதற்கு உரிமம் தரும் சட்டமே இல்லை. 2007-இல் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: அந்தக் கல்லூரிக்குப் பட்டம் தரும் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 40,000-க்கு ரசீது கல்லூரி பெயரிலா, ஏஜென்ட் பெயரிலா? கல்லூரி ரசீது என்றால், சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுப் பணத்தையும், அதிகம் போனால் ஒரு சிறு பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கவும் கூடாது. ஏஜென்டிடம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியிருந்தால் அந்தக் காசை மீட்பது கடினம். எழுத்தில் புகார் கொடுங்கள். பையனுக்குப் பாடத்தில் உண்மையான ஆர்வம் இருந்தால் படிக்கட்டும், தப்பில்லை. நோட்டீஸை நம்பிப் படிக்க வேண்டாம்.

கே: அப்படியானால் எங்கே படிப்பது? – மன்னார்குடி

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித்துறையே இருக்கிறது. வேறொரு பட்டம் முடித்துவிட்டு எம்.ஏ.வுக்கு அங்கே போவது என் யோசனை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை மட்டும் தவறக்கூடாது.

கே: காக்கி உடுப்பில் எனக்கு விருப்பமில்லை. பெண்களுக்கு வேறு என்ன வேலை? – மயிலாடுதுறை

நல்ல கேள்வி. இந்தப் படிப்பு உண்மையாகவே உதவுகிற இடங்கள் இவைதான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, கூர்நோக்கு இல்லம் (வழக்கில் சிக்கிய சிறார்களை வைக்கும் இடம்), பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், நன்னடத்தை அலுவலர் பணி. நான் நன்னடத்தை அலுவலராக இருந்தவன். 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடலாமா என்று மாஜிஸ்திரேட் அறிக்கை கேட்பார். அந்த வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, அப்பன் குடிப்பானா, பையன் எப்போது பள்ளியை விட்டான் என்று விசாரித்து எழுத வேண்டும். கல்லூரியில் படித்த கோட்பாடெல்லாம் அந்தத் திண்ணையில்தான் எனக்குப் புரிந்தது. குறையையும் சொல்லிவிடுகிறேன்: பல பதவிகள் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம் சொற்பம். சமூகப்பணி படித்தவர்களோடு போட்டியும் உண்டு. இங்கேயும் 'கல்வித் தகுதி' வரிதான்.

கே: சிலைத் திருட்டு பற்றி ஆராய்ச்சி செய்ய முடியுமா? – எம்.ஏ. மாணவர், கும்பகோணம்

இதைக் கேட்க நம் ஊர்ப் பிள்ளைக்குத்தான் தோன்றும். ஆதாரமெல்லாம் உங்கள் காலடியில் கிடக்கிறது. திருவாரூர் பக்கத்துப் பத்தூர் நடராஜர் லண்டன் நீதிமன்றம் வரை போய் 1991-இல் திரும்பினார். அந்த வழக்கில் புற்று மண்ணைக்கூட ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கி, 2014-இல் திருப்பிக் கொடுத்தது. கோயில் சிலைகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் எடுத்து வைத்த பழைய புகைப்படங்கள் இத்தகைய வழக்குகளில் பெரிய சாட்சி. சிலைக் கடத்தல் வழக்கில் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூருக்கு 2022-இல் பத்தாண்டுத் தண்டனை விதித்தது உங்கள் கும்பகோணம் நீதிமன்றம்தான். வெளிநாட்டு வியாபாரியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். விளக்கேற்ற ஆளில்லாத கோயில், பூட்டு, சாவி யார் கையில், உள்ளூர்த் தரகர் யார் என்ற பக்கத்தை எடுங்கள்.

கே: ஐ.ஏ.எஸ். தேர்வில் குற்றவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாமா? – நாகப்பட்டினம்

பட்டியலிலேயே இல்லை. சமூகவியலோ சட்டமோ எடுக்கலாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வில் குற்றவியல் உண்டு.

கே: திருவிழாத் தகராறில் என் மேல் ஒரு வழக்கு. விடுதலையாகிவிட்டேன். போலீஸ் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட வேண்டுமா? – பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை

கட்டாயம் குறிப்பிடுங்கள். மறைத்தது சரிபார்ப்பில் தெரிந்தால் அதற்காகவே தள்ளிவிடுவார்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையா, முழு விடுதலையா என்பதில்தான் உங்கள் வாய்ப்பு இருக்கிறது. தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கே: குற்றவியல் பற்றி முழு விவரம் அனுப்பவும். – ஊர், பெயர் இல்லை

எந்த முகவரிக்கு?