கியர்பாக்ஸ் பயத்துக்கு 18 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன். 2019 மாடல் டபுள் கேபின் டீசல் பிக்கப், ஆட்டோமேட்டிக். 1,60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாதம் சுமார் 2,000 கி.மீ. ஓட்டுகிறேன். கொள்முதலுக்காக மாதம் இரண்டு முறை திம்பம் மலைப்பாதை ஏறி சாம்ராஜ்நகர் பக்கம் போவேன், சில நேரம் மூட்டைகளும் ஏற்றுவேன். கியர்பாக்ஸ் ஆயில் இதுவரை மாற்றவில்லை. ‘கியர்பாக்ஸ் போனால் 2,40,000 ரூபாய் ஆகும், போவதற்குள் விற்றுவிடுங்கள்’ என்கிறார் மச்சான். எக்ஸ்சேஞ்சில் 9,50,000 தருகிறார்கள், புது வண்டிக்கு மேற்கொண்டு 18 லட்சம் கடன் வேண்டும். அப்பாவோ ‘ஓடுற வரைக்கும் ஓட்டு கண்ணு’ என்கிறார். கையில் 5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. இரண்டு வருடத்தில் மகள் கல்லூரி போகிறாள். இந்த கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும்? என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மச்சானின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 18 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 37,800 ரூபாய். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 4,68,000-ஐத் தாண்டும். நீங்கள் பயப்படும் 2,40,000 ரூபாய் செலவு ஏழு மாதத் தவணைக்குள் அடங்கிவிடுகிறது. புது வண்டிக்கு இன்சூரன்ஸ் பிரீமியமும் கூடும், முதல் இரண்டு வருடத்தில் விலையும் சரசரவென்று இறங்கும். மகள் கல்லூரியில் சேரும் நேரத்தில் 37,800 ரூபாய் தவணை ஓடிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கே கவலையாக இருக்கிறது. பயத்துக்காக மட்டும் விற்காதீர்கள்.

அதற்காக அப்பா சொல்வதுபோல அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பதும் சரியில்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் போவது குறைவு. பெரும்பாலும் முன்கூட்டியே அறிகுறி காட்டும், அதைப் பார்க்க ஆள் வேண்டும்.

டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெட்டி நல்ல பராமரிப்பில் இரண்டரை, மூன்று லட்சம் கி.மீ. ஓடுவது உண்டு. ஆயில் மாற்றாமல், பாரம் ஏற்றி, மலை ஏற்றினால் ஒன்றரை லட்சத்திலேயே கையை விரித்துவிடலாம். இவ்வளவு வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் சூடுதான். உள்ளே இருக்கும் ஆயில்தான் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது, வழுக்காமல் காக்கிறது, சூட்டையும் வெளியே கொண்டுபோகிறது. சுமார் 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. சித்திரை வெயிலில் மூட்டைகளோடு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது உங்கள் பெட்டி படும் பாட்டை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ‘இந்த ஆயில் ஆயுசுக்கும் வரும்’ என்று சர்வீஸில் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தயாரிப்பதில் பெரிய பெயரான இசட்.எஃப். நிறுவனமே தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்துக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது வேறு பெட்டியாக இருக்கலாம். ஆனாலும் 1,60,000 கி.மீ. என்பது ரொம்பத் தாமதம்.

ஆகவே இந்த மாதத்தின் முதல் செலவு பரிசோதனைக்கு. இதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் இருக்கும் ஆயில் தட்டை (‘பான்’) கழற்றுவார்கள். வடிகிற ஆயிலில் இரண்டு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடச் சொல்லுங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தால் வயதுதான், பெரிய கவலை இல்லை. கருத்துப்போய் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் கருகியிருக்கிறது. ரோஸ்மில்க் மாதிரி கலங்கியிருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது, வண்டியை அதற்கு மேல் ஓட்டவே கூடாது. அப்புறம் பானுக்குள் இருக்கும் காந்தத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெழுகுபோல் மெல்லிய பூச்சு இருப்பது சகஜம். விரலில் குத்துகிற உலோகத் துணுக்கு வந்தால் உள்ளே ஏதோ தேய்ந்து உடைகிறது.

ஓட்டும்போதும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ‘ஆர்’-இலிருந்து ‘டி’-க்கு மாற்றினால் பிடிக்க ஒன்றிரண்டு விநாடி தாமதமாகிறதா? ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாமல் வழுக்குகிறதா? சூடான பிறகு கியர் மாறும்போது பின்னாலிருந்து இடித்த மாதிரி உதறுகிறதா? இவை எதுவும் இல்லை, ஆயிலும் வெறும் பழுப்புதான் என்றால் ஃபில்டரோடு ஆயிலை மாற்றிவிடுங்கள். ஒருமுறை வடித்தால் பழைய ஆயிலில் ஒரு பகுதிதான் வெளியேறும், மீதி கன்வெர்ட்டருக்குள் நிற்கும். அதனால் சில ஆயிரம் கி.மீ. விட்டு இன்னொரு முறை வடித்து நிரப்பச் சொல்லுங்கள். இத்தனை நாள் மாற்றாத பெட்டியில் எந்திரம் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே வழுக்குகிற பெட்டிக்கு புது ஆயில் மருந்தாகாது, அந்தச் செலவும் வீண்.

சரி, பரிசோதனையில் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திட்டமிடுவதற்கு இன்னும் 60,000 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியும் ஓடலாம், ஆனால் பணக் கணக்கில் கஞ்சத்தனமாக மதிப்பிடுவதே பாதுகாப்பு. உங்கள் ஓட்டத்துக்கு அது 30 மாதம். 2,40,000-ஐ 60,000-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய், மாதம் 8,000. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் டயருக்கும் எஃப்.சி.க்கும் நடைக்கு நடை ஒதுக்குகிற அதே பழக்கத்தைச் சொந்த வண்டிக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். ஆர்.டி. அல்லது லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலத்துக்குப் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) தனியாகப் போட்டு வாருங்கள். களத்துக் கூலிக் கணக்கோடு கலந்துவிட்டால் அந்தப் பணம் நிற்காது. பெட்டி ஆறு மாதத்திலேயே மக்கர் செய்தால் என்ன செய்வது? அதற்கு எஃப்.டி.யில் ஒரு லட்சத்தை இப்போதே வண்டிக்கென்று பிரித்து வையுங்கள். மீதி 4 லட்சம் மகளுடையது, அதைத் தொடவே கூடாது. அப்படியும் பற்றாக்குறை வந்தால் பர்சனல் லோனைவிட வங்கி நகைக்கடனில் வட்டி பொதுவாகக் குறைவு, சீக்கிரம் அடைத்துவிடவும் முடியும்.

இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். காம்பிரிஹென்சிவ் பாலிசியில் தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் இடமில்லை. இன்ஜின், கியர்பாக்ஸ் பாதுகாப்பு என்று கூடுதலாக எடுக்கும் கவரும் பெரும்பாலும் தண்ணீர் புகுந்தது, அடிபட்டு ஆயில் கசிந்தது போன்றவற்றுக்குத்தான். வயதான வண்டிக்கு அதைப் பல நிறுவனங்கள் தருவதும் இல்லை. அதோடு, ‘சில நேரம் மூட்டை’ என்கிறீர்களே, அதை ஆர்.சி.யில் உள்ள எடை வரம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். 50 கிலோ மூட்டை இருபது ஏற்றினால் ஒரு டன். வெள்ளை போர்டு வண்டியில் அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால், விபத்தின்போது கிளெய்மே தகராறாகிவிடும். பாரம் இருக்கும் நாளில் மினி லாரி பிடித்துவிடுங்கள். அந்த வாடகை, கியர்பாக்ஸ் ஆயுளுக்கு நீங்கள் கட்டுகிற பிரீமியம் என்றே சொல்வேன். திம்பத்தில் ஏறும்போது மேனுவல் மோடில் கீழ் கியரைப் பிடித்து ஏறுங்கள், கியர் முன்னும் பின்னும் மாறி மாறிச் சூடேறுவது குறையும். இறங்கும்போதும் அப்படியே, பிரேக்கும் பிழைக்கும்.

‘டீசல் வண்டிக்கு 10 வருடம்தான்’ என்று யாராவது பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள். அந்தக் கட்டுப்பாடு டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு. இங்கே சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம், அதன் பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

பரிசோதனையில் தேறாவிட்டால்? அப்போதும் உடனே விற்க ஓட வேண்டாம். இன்ஜினும் சேஸியும் நன்றாக இருந்தால், 9,50,000 மதிப்புள்ள வண்டிக்கு 2,40,000 செலவு என்பது கால் பங்குதான். கியர்பாக்ஸ் போன வண்டியை விற்றால் வாங்குபவர் பழுதுச் செலவைவிட அதிகமாகவே விலையில் பிடிப்பார். ஆகவே பழுது பார்த்து வைத்துக்கொள்வதே என் தேர்வு. கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பாதி விலைக்குப் பெட்டி கிடைக்கும் என்பார்கள். அது எந்த வண்டியிலிருந்து வந்தது, எத்தனை ஓடியது என்று தெரியாமல், பில்லும் எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டியைப் பிரித்துச் சரிசெய்யும் இடத்தில் எத்தனை நாளாகும் என்றும் கேளுங்கள். உதிரிபாகம் வர வாரக்கணக்கில் ஆனால், அத்தனை நாள் வாடகை வண்டிச் செலவையும் 2,40,000-உடன் கூட்ட வேண்டும். இன்ஜினும் புகை கக்கி, கியர்பாக்ஸும் போயிருந்தால் மட்டும் மச்சான் சொல்வதைக் கேட்டு விற்றுவிடலாம். அப்போதும் 18 லட்சம் கடனில் புதுசு வேண்டாம், மூன்று நான்கு வயதான மேனுவல் பிக்கப் ஒன்றை முதலில் தேடிப் பாருங்கள்.